அளவு பார்க்கப் போட்ட ஜக்கெற்

போன ஞாயிறு மகள் வீட்டுக்கு வந்தாள். சோபாவில் உட்கார்ந்தாள். கதைத்தாள். ரீ குடித்தாள். எல்லாம் சரி… ஆனால் ஜக்கெற்றைக் கழற்றவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வெளியே குளிர், அவசரமாக வந்திருப்பாள், இதையெல்லாமா ஒரு மனிதன் கவனிப்பான்? உங்கள் வீட்டில் என்றால் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நான் கவனித்தேன். ரெஜினாவும் கவனித்தாள். ரெஜினா என் மனைவி. இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். தமிழ்க் கடைக்குப் போனால் என்னை விட்டுவிட்டு அவளுக்குத்தான் வணக்கம் சொல்கிறார்கள்.

"ஜக்கெற்றைக் கழட்டிப்போட்டு வடிவா இரன் பிள்ளை" என்றாள் ரெஜினா.

"ஐம் ஃபைன் அம்மா. கெதியாப் போகோணும்."

அவசரமாகப் போக வேண்டிய ஆள் எதற்காக சோபாவில் இவ்வளவு ஆழமாக உட்கார வேண்டும்? கழுத்துவரை ஸிப். இரண்டு கையும் பொக்கற்றுக்குள். தகப்பன்மாருக்குக் கேள்வி கேட்கத் தெரியாது, தொண்டையைச் செருமத்தான் தெரியும். செருமினேன்.

"அப்பா, எனக்குக் கல்கரியிலை வேலை கிடைச்சிருக்கு. ஹொஸ்பிற்றல் வேலை. பேர்மனன்ற். அடுத்த மாசம் வெளிக்கிடோணும்."

நாங்கள் இருப்பது ரொறன்ரோப் பக்கம்; கல்கரிக்குப் பிளேனில் நாலு மணித்தியாலம். மகள் டிலானி பிசியோதெரபிஸ்ட். கைகால் விளங்காதவர்களை நடக்க வைப்பது அவள் தொழில். நல்ல பிள்ளை, நல்ல வேலை, இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும். பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் கண் அந்த ஸிப்பிலேயே நின்றது.

எங்கள் வீட்டில் ஜக்கெற் என்பது வெறும் உடுப்பு இல்லை. அதை விளங்கப்படுத்த வேண்டுமென்றால் உங்களை மன்னார்வரை கூட்டிக்கொண்டு போகவேண்டும். வாருங்கள், ரிக்கெற் தேவையில்லை.

அப்போது நாங்கள் ரொறன்ரோ நகரின் நடுவே சென் ஜேம்ஸ் ரவுணில், உயரமான கட்டடம் ஒன்றில் இருந்தோம். எனக்கு மிசிசாகாவில் ஏயர்போட் கார்கோவில் வேலை. ரெஜினா ஒரு பேக்கரியில். கலியாணம் முடித்துப் பல வருஷம். பிள்ளை இல்லை. டொக்டர்மார், நேர்த்திகள், லிப்ற்றில் சந்திக்கிற அன்ரிமாரின் ஆலோசனைகள்… எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு ஒரு நாள் ரெஜினா சொன்னாள், "பெறுறதை விடுவம். கூட்டிக்கொண்டு வருவம்."

அதற்குப் பிறகு எத்தனை விசாரணை. ஒரு சமூக சேவகி எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்து பிறிட்ஜைத் திறந்து பார்த்தார். கட்டில் பார்த்தார், ஜன்னல் பூட்டுப் பார்த்தார். பிறகு எங்களை எதிரெதிரே இருத்தி, நீங்கள் இரண்டு பேரும் எப்படிச் சண்டை பிடிப்பீர்கள் என்று கேட்டார். நான் நல்ல பதிலாக ஒன்றை யோசித்துக்கொண்டிருக்க ரெஜினா சொல்லிவிட்டாள்: "தமிழில்." அந்தப் பெண் சிரித்த சிரிப்பில்தான் நாங்கள் பாஸாகினோம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

மன்னாரில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லம் ஒன்றில் ஒரு அக்காவும் தம்பியும் இருப்பதாகச் செய்தி வந்தது. அக்காவுக்கு ஏழு வயது. தம்பிக்கு நாலு. சமாதான காலம், பாதை திறந்திருந்தது. படம் அனுப்பினார்கள். தம்பி கமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். அக்கா தம்பியைப் பார்க்கிறாள். அந்தப் படத்தை ரெஜினா பிறிட்ஜில் ஒட்டினாள். நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பிறிட்ஜைத் திறந்து திறந்து பூட்டினேன். குளிர்ப்பெட்டிக்குள் அப்படி என்ன தேடினேனோ தெரியாது.

ஊருக்குப் போகிறோம் என்றதும் கட்டடம் முழுக்க ஆலோசனை. எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். திரும்பி வரும்போது இங்கே பெப்ரவரி. பிள்ளைகள் ஏயர்போட் கதவால் வெளியே வந்ததும் குளிர் பிடித்துவிடும். ஜக்கெற் கொண்டு போங்கோ. ஒரு சைஸ் பெரிசா எடுங்கோ, வளருற பிள்ளையள்.

ஆகவே நாங்கள் என்ன செய்தோம்? பொம்மை வாங்கினோமா, பாட்டுப் புத்தகம் வாங்கினோமா? இல்லை. அக்காவுக்கு நீல நிறத்தில், தொப்பியில் பஞ்சுமயிர் வைத்த பெரிய பனிக்கால ஜக்கெற். தம்பிக்குச் சிவப்பு. பனிச் சப்பாத்து, கையுறை, காது மூடும் தொப்பி… இவ்வளவையும் சூட்கேஸில் அடைத்துக்கொண்டு மன்னார் வெயிலுக்குப் போய் இறங்கினோம். எங்கள் சனத்தைத் தவிர வேறு யார் செய்வார்கள் இந்த வேலையை?

இல்லத்து வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் லேஸ் வைத்த சட்டை. பூமாலை போட்டார்கள். வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். ஒரு பெரிய பிள்ளை முன்னுக்கு வந்து மனப்பாடமாக உரை ஒன்று சொன்னாள். ரெஜினா முதல் வரியிலேயே அழத் தொடங்கிவிட்டாள். வரிசையின் நடுவில் எங்கள் இரண்டு பேரும் நின்றார்கள், படத்தில் பார்த்த அதே முகங்கள். டிலானியின் சட்டை முதுகுப் பக்கம் பூட்டுப்படாமல் ஊசி குத்தியிருந்தது. எவ்வளவு வடிவாக உடுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஊசியை நான் அப்போது யோசிக்கவில்லை.

பிறகு விருந்தினர் அறையில் எங்களையும் பிள்ளைகளையும் தனியாக விட்டார் மதர். இல்லத்தின் தலைவியை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். நாலு கதிரை. நாலு பேர். என்ன கதைப்பது? பல வருஷம் ஆசைப்பட்ட பிள்ளைகள் முன்னால் இருக்கிறார்கள். தம்பி யூட் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். டிலானி எங்களைப் பார்த்துப் பழகிய புன்னகை ஒன்றைப் போட்டபடி இருந்தாள். "அன்ரி சுகமா இருக்கிறீங்களா? அங்கிள் சுகமா இருக்கிறீங்களா?" என்று கேட்டாள். சுகம் என்றோம். முடிந்தது.

கை சும்மா இருக்க முடியாமல் ரெஜினா சூட்கேஸைத் திறந்தாள்.

"வாங்கோ பிள்ளையள், அளவு பார்ப்பம்."

நீல ஜக்கெற்றை டிலானிக்குப் போட்டாள். சிவப்பை யூட்டுக்குப் போட்டாள். கை நுனி கொஞ்சம் நீளம், மற்றப்படி நல்ல பொருத்தம். யூட் ஸிப்பை மேலும் கீழும் இழுத்து விழுந்து விழுந்து சிரித்தான். டிலானி பஞ்சுமயிரைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். முதல்தடவையாகப் பழகாத ஒரு சிரிப்பு வந்தது. நான் படம் எடுத்தேன்.

"நல்ல வடிவு. சரி, கழட்டுங்கோ குஞ்சுகள். வெக்கைதானே, பத்திரமா வைப்பம்" என்றாள் ரெஜினா.

டிலானி உடனே கழற்றினாள். தரையில் விரித்து, கை இரண்டையும் உள்ளே வைத்து, அழகாக மடித்தாள். தம்பியின் ஜக்கெற்றையும் கழற்றி அதே மாதிரி மடித்தாள். இரண்டையும் இரண்டு கையாலும் ரெஜினாவிடம் கொடுத்தாள். பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போய் நேராக நின்றாள்.

இரண்டு பேரும் பாடத் தொடங்கினார்கள்.

நன்றிப் பாட்டு. வந்ததற்கு நன்றி, தந்ததற்கு நன்றி, நீங்கள் போகும் வழியில் ஆண்டவர் துணை வருவார் என்கிற மாதிரி ஒரு பாட்டு. யூட்டுக்குப் பாதிச் சொல் தெரியாது, கடைசி எழுத்தை மட்டும் இழுத்தான். முடிந்ததும் இரண்டு பேரும் குனிந்து வணங்கினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கை தட்டினேன்.

பாட்டுக் கேட்டு மதர் ஓடி வந்தார். மடித்த ஜக்கெற்றைப் பார்த்தார், சுவரோடு நின்ற பிள்ளைகளைப் பார்த்தார், அவருக்கு விளங்கிவிட்டது. என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. வெளிநாட்டு ஆக்கள் வந்தா நாங்கள் அலுமாரியிலை இருக்கிற நல்ல சட்டையளைப் பிள்ளையளுக்குப் போடுவம். அவை அனுப்பின சட்டையள்தானே, பார்க்க ஆசைப்படுவினம், படம் எடுப்பினம். அவை வெளிக்கிடேக்கை கழட்டி மடிச்சுத் திருப்பி வைக்கிறது. இல்லாட்டி இவ்வளவு பிள்ளையளுக்கும் நான் எங்கை போறது?"

"அப்ப…"

"கழட்டச் சொன்னா ஆக்கள் போகப்போகினம் எண்டு அர்த்தம். நன்றிப் பாட்டுப் பாடோணும். அதைத்தான் பிள்ளை செய்தது."

இவர்கள்தான் அம்மா அப்பா, கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று மதர் முன்னமே பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார். ஆனால் சொல்வதைக் கேட்டு நம்புகிற வயதை டிலானி எப்போதோ கடந்துவிட்டாள். அவள் எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்? வருவார்கள், கொஞ்சுவார்கள், படம் எடுப்பார்கள், உடுப்புக் கழற்றச் சொல்வார்கள், போய்விடுவார்கள். நாங்களும் அதே ஒழுங்கில் எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தோம்.

நான் வந்து ரெஜினாவின் காதில் சொன்னேன். அவள் மடித்த ஜக்கெற்றை விரித்தாள். டிலானிக்குப் போட்டாள். ஸிப்பைக் கழுத்துவரை இழுத்தாள்.

"இது உன்ரை. இனி ஒருத்தரும் கழட்டச் சொல்லமாட்டினம்."

சொன்னது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் பிள்ளை அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

டிலானி அன்றைக்குப் பிறகு அந்த ஜக்கெற்றைக் கழற்றவில்லை. மன்னாரிலிருந்து கொழும்புக்கு வான் ஒன்று பிடித்து வந்தோம். வெளியே வெயில் கொளுத்துகிறது, வானுக்குள் ஏசி இல்லை. பிள்ளையின் தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருக்கிறது. கழற்றமாட்டாள். யூட் கொஞ்ச நேரத்தில் தன்னுடையதைக் கழற்றிக் காலுக்குக் கீழே போட்டுவிடுவான். அவள் எடுத்துத் தூசி தட்டித் திருப்பிப் போட்டுவிடுவாள். அவன் அழுவான். "போடடா தம்பி, போடு" என்று கெஞ்சுவாள். தனக்கு மட்டும் போட்டிருந்தால் போதாது, இரண்டு பேரும் போட்டிருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

கொழும்பு வெள்ளவத்தையில் லொட்ஜ் ஒன்றில் தங்கினோம். றோட்டில் போனால் சனம் நின்று பார்க்கும். "பிள்ளைக்குக் காய்ச்சலோ?" என்று பழக்கடைக்காரர் விசாரித்தார். "இல்லை அண்ணை, கனடாவுக்குப் போறம்" என்றேன். "இப்பவேயோ?" என்றார் அவர். குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள். அதற்கும் நிபந்தனை. ரெஜினா குளியலறைக்குள்ளேயே, அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ஜக்கெற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய நாள் வந்தது. நீதிபதி கையெழுத்து வைத்தால்தான் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். லோயர் டிலானியைக் கண்டதும் தலையில் கை வைத்தார். "என்ன இது? பிள்ளைக்குச் சுகமில்லை எண்டு நினைப்பினம், இல்லாட்டி நீங்கள் ஏதோ கொடுமை செய்யிறியள் எண்டு நினைப்பினம். உதைக் கழட்டுங்கோ முதல்." சொக்லேற் காட்டினோம். ஐஸ்கிறீம் என்றோம். கெஞ்சினோம். அவள் ஸிப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

நீதிபதி ஒரு பெண். மூக்குக் கண்ணாடி, இறுகிய வாய். சிங்களத்தில் கேட்டார், வயதான ஒரு மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். எங்களைக் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துப் பிள்ளையின் பக்கம் திரும்பினார். நான் பயந்தது நடந்தது.

"பிள்ளை, அம்மா கேக்கிறா, ஏன் இந்த வெக்கையிலை இதைப் போட்டிருக்கிறாய் எண்டு. கழட்டட்டாம்."

டிலானி அசையவில்லை.

"ஏனம்மா?"

"கழட்டினா இவை போயிடுவினம்."

மொழிபெயர்ப்பாளர் உடனே மொழிபெயர்க்கவில்லை. எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டார்.

"போனால் என்ன? அங்கை உனக்கு சிஸ்ரர்மார் இருக்கினம்தானே எண்டு கேக்கிறா."

"தம்பிக்கு இவையைப் பிடிச்சிருக்கு."

"உனக்கு?"

டிலானி யோசித்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள், நன்றாக, நிதானமாக. ரெஜினா என் விரலை நெரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னும் தெரியாது" என்றாள்.

முடிந்தது என்று நினைத்தேன். பிள்ளைக்குத் தெரியாதாம், யார் கையெழுத்து வைப்பார்கள்? திரும்பிப் போய் பிறிட்ஜில் இருக்கிற படத்தை எப்படிக் கழற்றுவது என்றுகூட யோசித்தேன். நீதிபதி பியோனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் மூலையில் நின்ற பெரிய ஃபானைத் தூக்கிக்கொண்டு வந்து டிலானிக்கு நேரே திருப்பி வைத்தான். பஞ்சுமயிர் பறந்தது. நீதிபதி பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் லோயர் சொன்னார், "அன்ரியைப் பிடிக்கும், அங்கிளைப் பிடிக்கும் எண்டு சொல்லியிருந்தா, பழக்கிக் கொண்டு வந்திருக்கினம் எண்டு நீதிபதி கண்டுபிடிச்சிருப்பா. உங்கடை மகள் உங்களைக் காப்பாத்தியிருக்கிறா." என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் என்னிடம் "உங்கடை மகள்" என்றார். நான் நடுறோட்டில் நின்றுவிட்டேன்.

ரொறன்ரோ ஏயர்போட்டில் இறங்கினோம். சனமெல்லாம் பெட்டியைத் திறந்து ஜக்கெற்றைத் தேடுகிறது, சுவெற்றரை இழுக்கிறது. எங்கள் பிள்ளை மட்டும் கழுத்துவரை ஸிப் போட்டுத் தயாராக நின்றாள். அன்றைக்கு ஒரு நாள்தான் அவள் உடுப்பு இடத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் ஹீற்றர். எங்கள் கட்டடத்தில் ஹீற்றரைக் கூட்டத்தான் தெரியும், குறைக்கத் தெரியாது. நாங்கள் அரைக்கையோடு இருக்க அவள் பனி ஜக்கெற்றோடு சோறு சாப்பிட்டாள். கை நுனி இரண்டும் மஞ்சள் ஏறிவிட்டன. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய கொக்கி இருந்தது, அவளுடைய கொக்கி மட்டும் காலியாகவே இருந்தது. ரீச்சர் நல்ல மனுசி, வற்புறுத்தவில்லை. அன்ரிமார் விடுவார்களா? "மனநல டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்றார் ஒருவர். "சுவாமியிட்டைக் கொண்டுபோய் மந்திரிச்சு விடுங்கோ" என்றார் இன்னொருவர். ரெஜினா எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள்: "நான் கழட்டச் சொல்லமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். சொல்லமாட்டன்."

இப்படியே போய்க்கொண்டிருக்க யூட்டின் பிறந்தநாள் வந்தது. எங்களோடு முதல் பிறந்தநாள் கொண்டாட்டம். சனத்தைக் கூப்பிட்டோம்.

எங்கள் வீட்டுக் கொண்டாட்டங்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியாதா? வருகிற ஆட்களின் ஜக்கெற் எல்லாம் படுக்கையறைக் கட்டிலில் குவியும். கறுப்பு, மண்ணிறம், சாம்பல்… மேலே மேலே. டிலானி அந்த அறை வாசலில் நின்று அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். இத்தனை பேரும் கழற்றிவிட்டார்களே, நன்றிப் பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருந்திருப்பாள்.

ஒருவரும் போகவில்லை. கேக் வெட்டினோம். கொத்துரொட்டி சாப்பிட்டார்கள். பழைய பாட்டு, பழைய பகிடி, மறுபடி ரீ. மாலையில்தான் ஒவ்வொருவராக அறைக்குள் போய் ஜக்கெற்றைத் தேடி எடுத்துப் போட்டார்கள். போட்டபிறகு என்ன, வாசலில் நின்று இன்னொரு மணித்தியாலம் கதை. அது எங்கள் வழக்கம், மாற்ற ஏலாது. ஆனால் கடைசியில் போய்விட்டார்கள். ஜக்கெற் போட்ட எல்லோரும் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் நான் சோபாவில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். டிலானி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்கிள், நேற்று வந்த ஆக்கள் போகேக்கைதான் ஜக்கெற் போட்டவை."

"ஓம் பிள்ளை."

"இருக்கேக்கை கழட்டித்தான் வைச்சிருந்தவை."

"ஓம். இந்த ஊரிலை அப்பிடித்தான். போற ஆக்கள் போடுவினம். இருக்கிற ஆக்கள் கழட்டுவினம்."

அவள் அதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் வைத்துப் பார்த்தாள். எழும்பினாள். ஸிப் சத்தம் கேட்டது. ஜக்கெற்றைக் கழற்றினாள். மடிக்கவில்லை. கதவடியில் என்னுடையதும் ரெஜினாவுடையதும் தொங்குகிற கொக்கிக்குக் கதிரையை இழுத்துக்கொண்டு போய், ஏறி, பக்கத்தில் மாட்டினாள். பிறகு அரைக்கைச் சட்டையோடு வந்து என் பக்கத்தில் இருந்தாள். சின்ன, மெலிந்த கைகள். அவ்வளவு நாளும் நான் அவற்றைச் சரியாகப் பார்க்கவேயில்லை.

குசினி வாசலில் நின்ற ரெஜினா ஒன்றும் சொல்லவேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நானும் பேப்பருக்குப் பின்னால் அழுதேன். அதை மறைக்க என்ன இருக்கிறது?

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் நான் ஒரு சட்டம் சொல்லிக்கொடுத்துவிட்டேனே… போகிற ஆட்கள் ஜக்கெற் போடுவார்கள். அடுத்த நாள் வேலைக்குப் போக நான் ஜக்கெற் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கு அடுத்த நாள் கொக்கியில் என் ஜக்கெற் இல்லை.

தேடாத இடமில்லை. கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குள், பல்கனியில்… பஸ்ஸுக்கு நேரம் போய்விட்டது. கடைசியில் குளியலறைத் திரையை விலக்கினால் தொட்டிக்குள் கிடக்கிறது. பின்னால் டிலானி வந்து நின்றாள்.

"அப்பா போகேலாது. ஜக்கெற் இல்லை."

அப்பா. அதுவரைக்கும் நான் அங்கிள். கையில் ஜக்கெற்றை வைத்துக்கொண்டே, "ஓம், இல்லைதான்" என்றேன். வேலைக்குப் போன் எடுத்து, மகள் என் ஜக்கெற்றை ஒளித்துவிட்டாள், இன்றைக்கு வரமுடியாது என்று உண்மையையே சொன்னேன். சூப்பர்வைசர் இத்தாலிக்காரர். தன் மகள் கார்ச் சாவியை ஒளிப்பாள், கவலைப்படாதே, பழகிவிடும் என்றார்.

பிறகு அது ஒரு விளையாட்டாகி, கன நாள் நடந்தது. நான் எழும்பியதும் நேரே குளியல் தொட்டிக்குப் போவேன். போய்விட்டுப் பின்னேரம் திரும்பி வந்து, அவள் பார்க்க ஜக்கெற்றைக் கழற்றி மாட்டுவேன். போகிறவர்கள் வரவும் செய்வார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை வந்திருக்க வேண்டும். ஒரு நாள் ஜக்கெற் கொக்கியிலேயே இருந்தது. மறுநாளும் இருந்தது. அன்றைக்கு நான் வேலைக்கு வேளைக்கே போய்ச் சேர்ந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், வழி முழுக்க எனக்கு மனது சரியில்லை.

இப்போது யோசித்தால், அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு என்ன அருகதை? நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து எத்தனை வருஷம் ஜக்கெற்றைக் கழற்றாமல் இருந்தோம்? யுத்தம் முடிய ஊருக்குப் போவது என்று சூட்கேஸைக் கட்டிலுக்குக் கீழேயே வைத்திருந்தோம். நல்ல சோபா வாங்கவில்லை, சுவரில் ஆணி அடிக்கவில்லை. சில பேர் இன்னும் அடிக்கவில்லை. இருக்கப்போகிறோமா போகப்போகிறோமா என்று எங்களுக்கு விளங்க இவ்வளவு காலம் எடுத்தது. ஏழு வயதுப் பிள்ளை ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் விளங்கிக்கொண்டது.

சரி, போன ஞாயிறுக்கு வருவோம். நாங்கள் இப்போது இருப்பது மார்க்கம் நகரில், மாடி வைத்த வீடு. சோபா நல்ல சோபா. அதில் ஜக்கெற்றோடு மகள்.

"கல்கரி இஞ்சையை விடக் குளிர்" என்றேன்.

"எனக்கு ஜக்கெற் பழக்கம்தானே அப்பா" என்றாள். சிரிக்கப் பார்த்தோம்.

"ஆர் சமைச்சுத் தாறது? தம்பிக்குச் சொல்லியாச்சோ?" இது ரெஜினா.

"யூட் எனக்கு முதலே ரிக்கெற் பார்த்திட்டான், வீக்கெண்ட் வந்து நிக்கப் போறானாம்."

போகாதே என்று ஒரு சொல் என் வாய்க்குள் இருந்தது. அதை அவளிடம் சொல்ல எனக்கு உரிமை உண்டா? நல்ல வேலை. கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளை. விழுங்கினேன்.

"அப்பா, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை."

"நல்ல வேலை. போகத்தானே வேணும் பிள்ளை."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நீதிமன்றத்தில் பார்த்த அதே பார்வை, நிதானமாக. "மேல பாத்ரூமுக்குப் போட்டு வாறன்" என்று எழும்பிப் போனாள். வந்தாள். அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். என்னைக் கட்டிப்பிடித்தாள், ஜக்கெற் எங்கள் நடுவில் கரகரத்தது. கார் திரும்பிப் போகும்வரை நான் ஜன்னலில் நின்றேன்.

"ஒருக்கால் கழட்டியிருக்கலாம்" என்றேன்.

"கழட்டினா அவளாலை போயிருக்கேலாது. அதுதான் கழட்டேல்லை. இது கூட விளங்காதோ உங்களுக்கு?" என்றாள் ரெஜினா. சோபாவில் மகள் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கள் காலை. பென்ஷன்காரர் நாலு பேர் சேர்ந்து கோப்பி குடிக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. வெளிக்கிட்டு வந்து கொக்கியில் கை வைத்தால் ஜக்கெற் இல்லை.

"இஞ்சேரும், என்ரை ஜக்கெற்றைக் கண்டனீரோ?"

"நேற்று அதிலைதானே கிடந்தது."

காருக்குள் பார்த்தேன். அலுமாரிக்குள் பார்த்தேன். படியில் ஏறும்போது, பாதிப் படியில் நின்றுவிட்டேன். பிறகு மெதுவாக ஏறிப் போய், குளியலறைத் திரையை விலக்கினேன்.

தொட்டிக்குள் இருந்தது. கை இரண்டையும் உள்ளே வைத்து மடித்திருந்தாள்.

அன்றைக்கு நான் எங்கும் போகவில்லை.